உடலின் ஏட்டைப் படிப்பது யாருக்காக?

2025-ம் ஆண்டு மார்ச் 23-ம் தேதியன்று அமெரிக்காவில் ஒரு கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. கம்பெனிகள் முளைப்பதும் திவாலாவதும் முதலாளித்துவ உலகில் புதுமையல்ல. பஞ்சாலை திவாலானால் கதிரும் தறியும் விலைக்கு வரும். பாங்கு திவாலானால் கட்டடமும் கடன் பத்திரமும் விலைக்கு வரும். இந்தக் கம்பெனி திவாலானபோது விலைக்கு வந்தது என்ன? சுமார் 1 கோடியே 50 லட்சம் மனிதர்களின் உடலுக்குள்ளிருந்து எடுத்த பாரம்பரியத் தகவல்!

‘ட்வென்ட்டி த்ரீ அண்ட் மீ’ என்பது அந்தக் கம்பெனியின் பெயர். மனிதனின் சாதாரண உயிரணுவில் 23 ஜோடி குரோமோசோம்கள் உண்டல்லவா, அதை வைத்துச் சூட்டிய பெயர். 2006-ல் கலிபோர்னியாவில் ஆரம்பமாயிற்று. ஒரு குப்பியில் எச்சிலைத் துப்பித் தபாலில் அனுப்பினால் போதும், உன் முன்னோர் யார், உனக்கு என்ன நோய் வரும் என்றெல்லாம் சொல்லுகிறோம் என்று விளம்பரம் செய்தது. முதலில் இதற்கு 999 டாலர் வாங்கினார்கள். 2012-ல் 99 டாலராக இறக்கினார்கள். ஜனங்கள் லட்சக் கணக்கில் வாங்கினார்கள். பிறந்த நாள் பரிசாகவும் பண்டிகைப் பரிசாகவும் ஒருவருக்கொருவர் வாங்கிக் கொடுத்தார்கள்.

இதே சமயத்தில் இன்னொரு பரிசோதனையும் பெயர் பெற்று வருகிறது. அது முழு ஜீனோம் வாசிப்பு. மனிதனின் டி.என்.ஏ. முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிப்பது. இரண்டும் ஒன்றுதான், ஒன்று மலிவு, மற்றது விலை அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம் என்று பலர் எண்ணுகிறார்கள். எண்ணும்படி செய்திருக்கிறார்கள். இது தவறான அபிப்பிராயம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன, இரண்டும் யாருக்குப் பயன்படுகின்றன, யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது உழைக்கும் மக்களுக்கு அவசியம். விஷயம் விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிச் சாலையோடு நிற்பதல்ல. நம் உடலையும், நம் பிள்ளைகளின் உடலையும், நம் வேலையையும் தொடுகிற விஷயம்.

ஒரு சோறு பதமாகுமா?

மனிதனின் டி.என்.ஏ. என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட மிகப் பெரிய ஏடு. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. ஒவ்வொரு பிரதியிலும் சுமார் 300 கோடி எழுத்துக்கள். இந்த ஏடு மனிதருக்கு மனிதர் பெரும்பாலும் ஒன்றேதான். எந்த மனிதரையும் எடுத்து, பொதுவாக வைத்திருக்கும் மாதிரி ஏட்டோடு ஒப்பிட்டால், 40 லட்சத்திலிருந்து 50 லட்சம் இடங்களில்தான் வித்தியாசம் தெரியும்.

எச்சில் குப்பிக் கம்பெனிகள் இந்த ஏட்டைப் படிப்பதில்லை. ஏட்டில் முன்கூட்டியே குறித்து வைத்த சில இடங்களை மட்டும் எட்டிப் பார்க்கின்றன. ‘சிப்’ என்று சொல்லப்படும் கண்ணாடித் தகட்டில் ஆறு, ஏழு லட்சம் கேள்விகள் பதிக்கப்பட்டிருக்கும். இந்த இடத்தில் இந்த எழுத்தா, அந்த எழுத்தா? இவ்வளவுதான் கேள்வி. 300 கோடியில் ஆறரை லட்சம் என்றால், பத்தாயிரம் எழுத்துக்கு இரண்டு எழுத்து! மீதி 9,998 எழுத்தில் என்ன இருக்கிறது என்று அந்தத் தகடு கேட்பதே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எங்கிருந்து வரும்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே உலையில், ஒரே தீயில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். டி.என்.ஏ. அப்படிப்பட்ட பானையல்ல. ஒரு பருக்கை வெந்திருப்பதைக் கண்டு அடுத்த பருக்கையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாத இடங்கள் இதில் ஏராளம். பக்கத்து எழுத்தைப் பார்த்து இந்த எழுத்து இன்னதாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டு ஊகிக்கும் முறை ஒன்று உண்டு. ஜனங்களிடம் பரவலாகக் காணப்படும் மாற்றங்களுக்கு அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் கொடிய பரம்பரை நோய்களைத் தருபவை பெரும்பாலும் அபூர்வமான மாற்றங்கள். ஒரு குடும்பத்தில் மட்டும் இருப்பவை, ஒரு குழந்தையிடம் மட்டும் புதிதாகத் தோன்றியவை. அங்கே ஊகம் பயன்படாது.

முழு ஜீனோம் வாசிப்பு வேறு விதமாக நடக்கிறது. டி.என்.ஏ.யைச் சிறு சிறு துண்டுகளாக்கி, துண்டுக்குச் சுமார் 150 எழுத்து வீதம் படிக்கிறார்கள். ஒவ்வொரு இடத்தையும் ஒரு முறையல்ல, சராசரி 30 முறை படிக்கிறார்கள். பிறகு கம்ப்யூட்டரின் உதவியால் துண்டுகளை வரிசைப்படுத்திச் சேர்க்கிறார்கள். முன்கூட்டித் தயாரித்த கேள்விப் பட்டியல் இதற்குக் கிடையாது. ஆகவே இதுவரை யாரும் பார்த்திராத மாற்றமும் இதில் அகப்படும். துண்டு துண்டாகப் படிப்பதால், ஒரே எழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வரும் இடங்களில் இதுவும் தடுமாறும் என்பது உண்மை. ஆனால் ஏட்டை வாசிப்பதற்கும் ஏட்டின் ஓரத்தை எட்டிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம், மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மூன்றைப் பார்த்து ஆயிரத்தை மறந்த கதை

இந்த வித்தியாசம் வெறும் கணக்கு வித்தியாசமல்ல. உயிரோடு விளையாடும் வித்தியாசம். ஓர் உதாரணம் பார்ப்போம்.

பி.ஆர்.சி.ஏ. ஒன்று, பி.ஆர்.சி.ஏ. இரண்டு என்று இரண்டு ஜீன்கள் உண்டு. இவற்றில் தீங்கான மாற்றம் உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் காண்கிறது. முன்கூட்டித் தெரிந்தால் அடிக்கடி பரிசோதித்துத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கலாம், உயிரைக் காப்பாற்றலாம். எனவே இது மிக முக்கியமான பரிசோதனை.

2018 மார்ச்சில் அமெரிக்க மருந்து, உணவு நிர்வாகம் நாம் மேலே சொன்ன கம்பெனிக்கு இந்த ஜீன்களைப் பற்றி ஜனங்களுக்கு நேரடியாகத் தெரிவிக்க அனுமதி கொடுத்தது. அந்தப் பரிசோதனை எத்தனை மாற்றங்களைப் பார்த்தது? மூன்று! இந்த இரண்டு ஜீன்களிலும் அப்போதே ஆயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் தெரிந்திருந்தன. அந்த மூன்றும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வழிவந்தவர்களிடம் மிகுதியாகக் காணப்படுபவை. மற்றவர்களிடம் அநேகமாக இல்லாதவை. இதை அனுமதி கொடுத்த நிர்வாகமே தன் அறிக்கையில் பகிரங்கமாகச் சொல்லிற்று. 2023-ல் இந்த எண்ணிக்கை 44 ஆக உயர்ந்தது. 44-ம் ஆயிரமும் ஒன்றாகிவிடுமா?

தாயையும் பெரியம்மாவையும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு பெண், பணம் கட்டி, எச்சில் அனுப்பி, “மாற்றம் எதுவும் காணப்படவில்லை” என்ற பதிலைப் பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். “பட்டியலில் உள்ள சிலவற்றில் ஒன்றும் இல்லை” என்பதே அந்தப் பதிலின் பொருள். அவள் மனதில் பதிவதோ, “எனக்கு ஆபத்தில்லை” என்பது. பொடி எழுத்தில் எச்சரிக்கை போட்டிருக்கிறோம் என்று கம்பெனி சொல்லும். சாராயப் புட்டியிலும் எச்சரிக்கை போட்டுத்தான் விற்கிறார்கள்! அவள் டாக்டரிடம் போகாமலிருந்து, நோய் முற்றினால் பதில் சொல்லுவது யார்?

இன்னொரு பக்கமும் உண்டு. இல்லாததை இருப்பதாகச் சொல்லும் ஆபத்து. கம்பெனிகள் கொடுக்கும் கச்சாத் தகவலில் தீங்கான மாற்றம் இருப்பதாகக் கண்டு பயந்து வந்த 49 பேரின் மாதிரிகளை அமெரிக்காவில் முறையான பரிசோதனைச் சாலையில் மறுபடி சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த மாற்றங்களில் நூற்றுக்கு 40 உண்மையில் இல்லவே இல்லை. 2021-ல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆராய்ச்சி இதைவிடக் கடுமையானது. ஏறத்தாழ 50,000 பேரின் சிப் முடிவுகளை ஜீன் வாசிப்போடு ஒப்பிட்டார்கள். லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவாகக் காணப்படும் மிக அபூர்வமான மாற்றங்களில், சிப் “இருக்கிறது” என்று சொன்னவற்றில் நூற்றுக்கு 16 மட்டுமே உண்மை. பரவலான மாற்றங்களில் இதே சிப் மிகச் சரியாக வேலை செய்கிறது என்பதையும் அதே ஆராய்ச்சி சொல்லிற்று. ஆகவே கருவியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தராசு நல்ல தராசுதான். அரிசி நிறுக்கும் தராசில் பொன்னை நிறுத்து விற்பவனைத்தான் கேட்க வேண்டும்.

முழு ஏடும் தானாகப் பேசாது

அப்படியானால், எல்லோரும் முழு ஜீனோம் வாசிப்புக்கு ஓடினால் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை.

ஏட்டைப் படிப்பது வேறு, பொருள் காண்பது வேறு. முழு வாசிப்பில் வெளிவரும் லட்சக் கணக்கான மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. பல மாற்றங்கள் நல்லதா கெட்டதா என்று இன்று உலகில் எந்த விஞ்ஞானியாலும் சொல்ல முடியாது. அனுபவமுள்ள டாக்டரும், மரபணு ஆலோசகரும், நோயாளியின் சரித்திரமும், தாய் தந்தையரின் டி.என்.ஏ.யும் சேர்ந்தால்தான் எழுத்துக்குப் பொருள் விளங்கும். இவை எதுவும் இல்லாமல் வெறும் ஏட்டைக் கையில் கொடுத்தால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற கதைதான்.

இதையும் சந்தைச் சரக்காக்கிப் பார்த்தார்கள். வெரிட்டாஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 2016-ல் 999 டாலருக்கு முழு ஜீனோம் வாசிப்பு என்று முழங்கியது. 2019 டிசம்பரில் பண நெருக்கடியால் அமெரிக்காவில் கடையை மூடியது. நோயாளி வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்க வேண்டிய ஏடு அது. கடைக்காரனோ மூன்றே ஆண்டுகளில் பூட்டிவிட்டுப் போய்விட்டான்.

இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. பிரிட்டனில் 1948 முதல் தேசிய சுகாதார சேவை நடந்து வருகிறது. உழைப்பாளி மக்களின் வரிப் பணத்தில் நடப்பது. சிகிச்சைக்குப் படுக்கையோரத்தில் பில் நீட்டாதது. அந்தச் சேவையின் நோயாளிகளிடையே ஒரு லட்சம் ஜீனோம்களை வாசிக்கும் திட்டம் 2012-ல் அறிவிக்கப்பட்டு, 2018 டிசம்பரில் வாசிப்பு முடிந்தது. பெயர் தெரியாத அபூர்வ நோயால் ஆண்டுக் கணக்கில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த குடும்பங்களைச் சேர்ந்த 4,660 பேரை முதலில் எடுத்துக்கொண்டார்கள். 2021-ல் முடிவு வெளியாயிற்று. நோயாளிகளில் நாலில் ஒருவருக்கு நோயின் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. நாலில் மூன்று பேருக்கு விடை கிடைக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னார்கள். அவர்கள் ஏட்டை மூடி வைத்துவிடவும் இல்லை. விஞ்ஞானம் வளர வளர அதைத் திரும்பப் பார்க்கலாம். இன்று அந்நாட்டில் குறிப்பிட்ட அபூர்வ நோய்களுக்கும் சில புற்றுநோய்களுக்கும் டாக்டரின் சிபாரிசில் முழு ஜீனோம் வாசிப்பு பொது ஆஸ்பத்திரியிலேயே இலவசமாக நடக்கிறது.

இங்கே முழு வாசிப்பு பயன்பட்டது ஏன்? நோயாளி முன்னே, பரிசோதனை பின்னே. பரிசோதனைக்குப் பின்னே டாக்டர், டாக்டருக்குப் பின்னே சிகிச்சை. எச்சில் குப்பி வியாபாரத்தில் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான் உண்டு. அதையே தொடக்கமும் முடிவுமாக்கி விற்கிறார்கள். தனி வாசிப்புக் கம்பெனியும் அதையேதான் செய்தது. ஆகவே சிப்பா, முழு வாசிப்பா என்பது பாதிக் கேள்விதான். கடையா, ஆஸ்பத்திரியா என்பது மற்றப் பாதி.

யார் விதைத்தது, யார் அறுத்தது?

இந்த விஞ்ஞானம் எங்கிருந்து வந்தது? முதலாளிகளின் துணிச்சலிலிருந்து வந்ததா?

மனித ஜீனோம் திட்டம் 1990-ல் ஆரம்பமாகி 2003 ஏப்ரலில் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான், சீனா ஆகிய ஆறு நாடுகளின் விஞ்ஞானிகள் உழைத்தார்கள். சுமார் 300 கோடி டாலர் செலவு. பெரும்பகுதி மக்களின் வரிப் பணம், மற்றது தர்ம ஸ்தாபனத்தின் பணம். 1996-ல் பெர்முடாவில் கூடிய இந்த விஞ்ஞானிகள் ஒரு தீர்மானம் செய்தார்கள். படித்த எழுத்துக்களை 24 மணி நேரத்துக்குள் உலகம் முழுவதற்கும் இலவசமாக வெளியிட வேண்டும் என்பது அந்தத் தீர்மானம். ஸெலேரா என்ற தனியார் கம்பெனி போட்டிக்கு வந்து, தான் படித்ததைப் பணம் கட்டுகிறவர்களுக்கு விற்கப் பார்த்தது. பொது விஞ்ஞானிகள் விடவில்லை. மனிதகுலத்தின் ஏடு மனிதகுலத்துக்கே சொந்தம் என்று வாதாடியவர்களில் முன்நின்றவர் பிரிட்டனின் ஜான் ஸல்ஸ்டன். 2002-ல் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி அவர். 2003-ல் படிக்க முடியாமல் விட்டுப்போன சுமார் 8 சதவீதத்தையும் 2022-ல் விஞ்ஞானிகள் கூட்டாக உழைத்துப் பூர்த்தி செய்தார்கள்.

இந்தப் பொது நிலத்தில்தான் கம்பெனிகள் வேலி போட்டன. நாம் மேலே குறிப்பிட்ட புற்றுநோய் ஜீனை எடுத்துக்கொள்வோம். பி.ஆர்.சி.ஏ. ஒன்று இருக்கும் இடத்தை 1990-ல் காட்டியவர் கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய மேரி கிளேர் கிங் என்ற பெண் விஞ்ஞானி. பிறகு மிரியட் என்ற கம்பெனி அந்த ஜீன்களின் மேல் பேடன்ட் வாங்கிக்கொண்டு, எங்களைத் தவிர வேறு யாரும் சோதிக்கக்கூடாது என்றது. ஒரு பரிசோதனைக்கு 3,000 டாலருக்கு மேல் வசூலித்தது. கடவுள் படைத்தது என்பவர்களும் இயற்கை தந்தது என்பவர்களும் ஒன்றுபோல ஒப்புக்கொள்ளும் விஷயம், ஜீனை மிரியட் படைக்கவில்லை என்பது! விஞ்ஞானிகளும் நோயாளிகளும் வழக்குத் தொடுத்தார்கள். 2013 ஜூன் 13-ம் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஏகமனதாக, இயற்கையில் உள்ள டி.என்.ஏ.க்குப் பேடன்ட் கிடையாது என்று தீர்ப்பளித்தார்கள். போராடினால் வேலியைப் பிடுங்கலாம் என்பதற்கு இது அத்தாட்சி.

ஜீனை உடைமையாக்க முடியாமல் போயிற்று. ஆனால் ஜீனைப் பற்றிய தகவலை உடைமையாக்கும் வழியில் போயிற்று எச்சில் குப்பி வியாபாரம். அந்தக் கம்பெனிக்குக் குப்பி விற்ற 99 டாலர் தூண்டிலில் கோத்த புழு. மீன் வேறு. 2018 ஜூலையில் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் என்ற மருந்து ஏகபோகம் அக்கம்பெனியில் 30 கோடி டாலர் போட்டது. அதற்கு ஈடாக, சேர்த்து வைத்த மரபணுத் தகவலிலிருந்து புது மருந்துகளுக்கு வழி தேடும் தனி உரிமையை வாங்கிக்கொண்டது. கடைக்குப் போய் ஆட்டை வாங்குகிறவன் பணம் கொடுக்கிறான். இங்கே ஆடே பணம் கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போயிற்று!

பிறகு நடந்தது என்ன? 2023-ல் திருடர்கள் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் புகுந்தார்கள். நேரடியாக உடைத்த கணக்குகள் 14,000 மட்டுமே. ஆனால் உறவினரைக் கண்டுபிடித்துத் தரும் வசதி வழியாக 69 லட்சம் பேரின் தகவல் களவு போயிற்று. மரபணுவின் தன்மையே இதுதான். ஒருவனுடையது அவனோடு நிற்பதில்லை. 2018-ல் கலிபோர்னியப் போலீசார் பழைய கொலைகாரன் ஒருவனைப் பிடித்தது அவனுடைய டி.என்.ஏ. எந்தப் பட்டியலிலும் இருந்ததால் அல்ல. அவனுடைய தூரத்து உறவினர்கள் தங்கள் தகவலை ஒரு வம்சாவளிப் பட்டியலில் போட்டிருந்தார்கள், அதை வைத்து. கொலைகாரன் அகப்பட்டதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் மூன்றாம் தலைமுறை அத்தை மகன் செய்த காரியத்தால் நம் உடலின் ரகசியம் வெளியாகும் என்றால், ‘அவரவர் சம்மதம்’ என்று கம்பெனி காட்டும் கையெழுத்துக்கு என்ன பொருள்?

திவாலுக்குப் பின் இருபதுக்கு மேற்பட்ட அமெரிக்க ராஜ்யங்கள் இந்த விற்பனையை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போயின. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் தகவலை அழித்துவிடும்படி கேட்டார்கள். கடைசியில் 2025 ஜூன் மாதத்தில், கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஆன் வொஜிஸ்கியே அமைத்த லாப நோக்கமற்ற ஸ்தாபனத்துக்கு 30 கோடியே 50 லட்சம் டாலருக்கு விற்கக் கோர்ட் அனுமதித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைக்கு 20 டாலர்! வாங்கியவர் இன்று நல்லவராகவே இருக்கலாம். வாங்குகிறவரின் நல்ல குணத்தை நம்பித்தான் ஒன்றரைக் கோடி மனிதரின் ரகசியம் இருக்க வேண்டுமா?

தொழிலாளியின் மணிக்கட்டு

இதெல்லாம் காசுள்ளவர்களின் கவலை, நமக்கென்ன என்று தொழிலாளத் தோழர்கள் நினைக்கலாம். அவர்கள் பர்லிங்டன் நார்தர்ன் ரயில்வே வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் பெரிய ரயில்வேக் கம்பெனிகளில் அதுவும் ஒன்று. தண்டவாளப் பராமரிப்பில் கனத்த கருவிகளைப் பிடித்து உழைத்த தொழிலாளிகளுக்கு மணிக்கட்டு நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போயிற்று. நஷ்டஈடு கேட்டார்கள். கம்பெனி அவர்களை வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்பிற்று. அங்கே எடுத்த ரத்தத்தைத் தொழிலாளிக்குத் தெரியாமல் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். நோக்கம் என்ன? நரம்புக் கோளாறு தரும் ஓர் அபூர்வமான ஜீன் மாற்றம் அகப்பட்டால், “எங்கள் கருவியல்ல காரணம், உன் பிறப்புத்தான் காரணம்” என்று சொல்லலாமே! ரத்தம் கொடுக்க மறுத்த ஒரு தொழிலாளியை நடவடிக்கை எடுப்பதாக மிரட்டினார்கள் என்று சம வேலைவாய்ப்புக் கமிஷன் குற்றம் சாட்டியது. 2001-ல் கமிஷனும் தொழிலாளர் சங்கமும் வழக்குத் தொடுத்தன. கம்பெனி சோதனையைக் கைவிட்டது. 2002-ல் 36 தொழிலாளிகளுக்கு 22 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இந்த ஒரு வழக்கில் முழு உண்மையும் அடங்கியிருக்கிறது. பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெட்டவனிடம், கல்லுடைத்து மூச்சு முட்டுகிறவனிடம், பட்டினியால் மெலிந்தவனிடம், “உன் ஜீனைப் பார்ப்போம்” என்று சொல்வது சுலபம். தூசியைக் குறைக்கக் காசு செலவாகும். ஜீனைக் குறை சொல்லக் காசு வேண்டாம். சர்க்கரை வியாதி, இருதய நோய் போன்றவற்றில் பாரம்பரியத்துக்குப் பங்கு உண்டு என்பது விஞ்ஞான உண்மை. உணவுக்கும் வேலைக்கும் வீட்டுக்கும் காற்றுக்கும் பங்கு உண்டு என்பதும் அதே அளவு விஞ்ஞான உண்மை. முதல் உண்மையை மட்டும் குப்பியில் அடைத்து விற்பதும், இரண்டாவதை மறைப்பதும் விஞ்ஞானமல்ல.

இத்தகைய கிளர்ச்சிகளின் பலனாக அமெரிக்காவில் 2008-ல் ஒரு சட்டம் வந்தது. முதலாளிகளும் வைத்திய இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் மரபணுவைக் காட்டி வித்தியாசம் பாராட்டக்கூடாது என்றது. ஆனால் ஆயுள் இன்ஷூரன்ஸ், ஊன இன்ஷூரன்ஸ், முதுமைப் பராமரிப்பு இன்ஷூரன்ஸ் ஆகியவற்றுக்கு அந்தச் சட்டத்தில் தடை இல்லை. கதவைப் பூட்டிச் சாளரத்தைத் திறந்து வைத்த சட்டம்!

நம் நாட்டுக்கு என்ன?

நம் நாட்டிலும் தனியார் கம்பெனிகள் இத்தகைய சோதனைகளை விற்கின்றன. ஆனால் இவற்றின் அடிப்படையான ஆராய்ச்சிகள் யாருடைய உடலில் நடந்தவை? நோய்க்கும் ஜீனுக்கும் தொடர்பு தேடிய ஆராய்ச்சிகளில் பங்குகொண்டவர்களில் 2009-ல் நூற்றுக்கு 96 பேர் ஐரோப்பிய வழிவந்தவர்கள். 2016-லும் நூற்றுக்கு 81 பேர். பிறர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை நமக்கு எப்படிப் பொருந்தும்?

நம் அளவை நாமே எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. மதுரை காமராஜர் பல்கலைக் கழகத்தின் தண்டபாணியும், ஹைதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும், மற்ற விஞ்ஞானிகளும் 2009-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இருதயத் தசைக்கு வேண்டிய ஒரு புரதத்தின் ஜீனில் 25 எழுத்துக்கள் அறுந்துபோன மாற்றம் இந்திய உபகண்டத்து மக்களில் சுமார் 4 சதவீதத்தினரிடம் இருப்பதையும், அது இருதயம் பலவீனமடையும் ஆபத்தைக் கூட்டுவதையும் அவர்கள் காட்டினார்கள். ஐரோப்பியரிடம் அநேகமாக இல்லாத மாற்றம் இது. பொதுப் பணத்தில், பொது ஸ்தாபனங்களில் நடந்த வேலை. 2020-ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த ஜீனோம் இந்தியா திட்டத்தில் சுமார் 10,000 இந்தியர்களின் முழு ஜீனோம் வாசிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தகவல் பரீதாபாத்திலுள்ள அரசாங்க மையத்தில் இருக்கிறது. இது வரவேற்க வேண்டிய காரியம்.

ஆனால் வாசித்ததோடு வேலை முடிந்ததா? 2023-ல் வந்த டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் மரபணுத் தகவலுக்கென்று தனிக் காப்பு எதுவும் இல்லை. மரபணுவைக் காட்டி வேலை மறுப்பதைத் தடுக்கும் தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. மரபணு ஆலோசகர் என்ற ஒருவரை ஜில்லா ஆஸ்பத்திரியில் தேடினாலும் காண்பது அரிது. ஏட்டை வாசித்தாயிற்று. அதை நோயாளிக்கு விளக்குவது யார், வேறு கைகளுக்குப் போகாமல் காப்பது யார்?

ஆகவே நாம் கோருவது இதுதான். அபூர்வ நோயுள்ள குழந்தைக்கும், புற்றுநோய்ப் பரம்பரை உள்ள குடும்பத்துக்கும் டாக்டரின் சிபாரிசின் பேரில் முழுமையான ஜீன் வாசிப்பு சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். முடிவை விளக்க ஆலோசகரும், தொடர்ந்து சிகிச்சையும் அதோடு சேர்ந்து கிடைக்க வேண்டும். நோய் சம்பந்தமான சோதனையை விற்கும் கம்பெனி, தான் எத்தனை மாற்றங்களைப் பார்க்கிறது, எத்தனையைப் பார்க்கவில்லை என்பதைப் பெரிய எழுத்தில் முதல் வரியிலேயே போடச் சட்டம் வேண்டும். கம்பெனி கைமாறினாலும் திவாலானாலும், மனிதரின் மரபணுத் தகவலைச் சொத்துக் கணக்கில் சேர்க்கக்கூடாது. முதலாளியும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதைக் கேட்பதே குற்றமாக வேண்டும். தொழிற்சங்கங்கள் இதைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ரயில்வே தொழிலாளியின் ரத்தம் அவனுக்குத் தெரியாமல் சோதனைக்குப் போனதைத் தடுத்து நிறுத்தியதில் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

இதற்குள், எச்சில் குப்பி ஒன்று கையில் கிடைத்தவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது சுருக்கமானது. அது “இல்லை” என்றால் நம்பி இருந்துவிடாதீர்கள். “உண்டு” என்றால் நடுங்கிவிடாதீர்கள். இரண்டிலும் டாக்டரிடம் போய் முறையான பரிசோதனையால் உறுதி செய்துகொள்ளுங்கள். குப்பியை அனுப்புவதற்கு முன்னால், அது உங்கள் ஒருவருடைய எச்சில் அல்ல, உங்கள் அண்ணன் தம்பிகளுடையதும் இன்னும் பிறக்காத பேரப் பிள்ளைகளுடையதும்கூட என்பதை ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

300 கோடி எழுத்துக்களைப் படிக்க மனிதகுலம் கற்றுக்கொண்டது பெருமைக்குரிய சாதனை. பல நாட்டு மக்களின் பணத்தாலும் பல நாட்டு விஞ்ஞானிகளின் உழைப்பாலும் கிடைத்த சாதனை. அது தலைக்கு 20 டாலர் என்று விலை போக வேண்டிய சரக்கல்ல. விடை தெரியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் தாய்க்கு அந்த ஏடு திறக்க வேண்டும். முதலில் அவளுக்குத் திறக்க வேண்டும்.